கேப்டன் சொன்ன வாக்கு

பிச்சைமுத்துவுக்கு உலகத்தில் இருந்தது ஒரே ஒரு சொத்து. பகல் தூக்கம்.

ராத்திரியெல்லாம் ஈப்போ பக்கத்து மெங்லம்புவில் ஒரு பலகைக் கிடங்குக்கு ஜாகா, அதாவது காவல்காரன். காலை ஏழு மணிக்குச் சைக்கிளை உருட்டிக்கொண்டு புந்தோங் வீட்டுக்கு வருவான். ஏறி மிதிக்கத் தெம்பு இருக்காது. கொடுத்ததைத் தின்றுவிட்டுப் பாயில் விழுந்தால் சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் அவனுக்குப் பொழுது விடியும். அதற்குள் மூன்று வயதுக் கமலி நாலு தடவை விழுந்து எழுந்திருப்பாள். அவனுக்குத் தெரியாது. ஒரு தடவை பக்கத்துச் சந்தில் தீயே பிடித்தது. அதையும் மறுநாள்தான் கேட்டுத் தெரிந்துகொண்டான்.

அந்தச் சொத்துக்கு ஆபத்து வந்தது.

"ஏங்க, எலெக்ட்ரானிக் பேக்டரியில ஆள் எடுக்குறாங்களாம்" என்றாள் வீரம்மா, சட்டியைத் தேய்த்துக்கொண்டே. "எதுத்த வீட்டு முத்தம்மா போறா. பஸ்ஸு நம்ம முச்சந்திக்கே வருது."

"உனக்கு எதுக்கு அதெல்லாம்?"

"உக்காந்து செய்யிற வேலையாம். நாக்காலி போட்டுத் தாறாங்களாம். கல்யாணம் ஆனதுலேருந்து நான் எங்க உக்காந்தேன்? புள்ள பெத்தப்பக்கூட படுத்துத்தான் இருந்தேன்."

"அப்ப கமலிய யாரு பாக்குறது?"

"நீங்கதான் பகல்ல வீட்டுல இருக்கீங்களே. மூணு மணிக்கு நான் வந்துருவேன். அப்பறம் தூங்குங்க."

பிச்சைமுத்துவுக்குக் கண் இருட்டியது. நான் வீட்டிலா இருக்கிறேன்? பாயில் அல்லவா இருக்கிறேன்! ஆனால் தூக்கம் கெட்டுப்போகும் என்று ஓர் ஆண்பிள்ளை எப்படி வாய்விட்டுச் சொல்வது? மானம் என்று சொன்னால் கேட்க லட்சணமாக இருக்கும்.

"நம்ம குடும்பத்துப் பொம்பளைங்க வேலைக்குப் போனதில்ல."

"உங்கம்மா நாப்பது வருசம் ரப்பர் பால்வெட்டுக்குப் போச்சு."

"அது தோட்டத்துக்குள்ள. வெளிய போனாத்தான் தப்பு. அந்தக் கேப்டன் படத்துல வெளிய போனவ கதி என்னாச்சு? எத்தன தடவ சொல்லியிருக்கேன்!"

கேப்டன் படம் என்பது கலியாணத்துக்கு முன்னால் அவன் ஈப்போ டவுனில் பார்த்த வெள்ளைக்காரப் படம். ஆகாயத்தில் போகும் கப்பல், கண்ணாடிப் பெட்டிக்குள் வருஷக்கணக்காகத் தூங்கும் கேப்டன், காப்பி கலக்கும் தகர மனுசன், மூன்று கண் உள்ள பச்சைத் தலைவன். மூன்று தடவை பார்த்தான். அதாவது, மூன்று தடவை டிக்கெட் எடுத்தான். ராத்திரி வேலை முடிந்து வந்தவன் ஏர்கண்டிஷனில் சாய்ந்தால் என்ன ஆகும்? முதல் கால்மணி நேரமும் கடைசிச் சண்டையும் அவனுக்கு மனப்பாடம். நடுவில் ஒருமுறை கண் திறந்தபோது ஒரு பெண் கப்பலை விட்டு வெளியே மிதந்துகொண்டிருந்தாள். இன்னொருமுறை திறந்தபோது கேப்டன் அழுதுகொண்டிருந்தார். இரண்டையும் இவனே முடிச்சுப் போட்டான். கேப்டன் போகாதே என்றார். அவள் கேட்கவில்லை. போனவள் போனவள்தான்.

ஐந்து வருஷமாக வீரம்மா இந்தக் கதையைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். தனியாகச் சந்தைக்குப் போகட்டும், சிலிம் ரிவர் தாய்வீட்டுக்கு பஸ் ஏறட்டும், அந்தப் பெண் மிதக்க ஆரம்பித்துவிடுவாள்.

வீரம்மா சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். "அந்தப் படம் வீடியோ டேப்புல வந்திருக்காம். ஐயாத்துரை ஐயா வீட்டுல போடுறாங்களாம். நானும் ஒருக்கா பாக்குறனே."

"பாரு! பாத்தாத்தான் புத்தி வரும்."

"கேப்டன் போகாதேன்னு சொன்னா நான் போவல. பேக்டரி பேச்சே எடுக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. ஆனா கேப்டன் போயிட்டு வான்னு சொன்னா?"

"என்னா சொன்னாலும் சரி! கேப்டன் வாக்குத்தான் இந்த வீட்டுக்குச் சட்டம் லா!"

அன்றைக்கு அவன் தூங்கிய தூக்கம் கும்பகர்ணனுக்கும் பாடம்.

ஐயாத்துரை யாழ்ப்பாணத்துக்காரர். ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எவருக்கு எந்தக் கடிதம் வந்தாலும் படித்துச் சொல்ல அவர் வீட்டுக்குத்தான் போகும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வீட்டுக் கூடத்தில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். அவர் மனைவி அம்பிகை தேநீர் கொண்டுவந்து வைத்தபடி கேட்டாள்.

"என்ன தம்பி, கேப்டன் என்ன சொன்னாலும் கேப்பியளாமே?"

"கேப்பேங்கம்மா. சொன்னா சொன்னதுதான்."

"எல்லாரும் கேட்டுக்கொண்டியள்தானே?"

எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். இந்த அம்மா எதற்கு இத்தனை அக்கறையாகக் கேட்கிறாள் என்று பிச்சைமுத்து யோசித்திருக்கலாம். யோசிக்கவும் ஒரு தூக்கம் வேண்டுமே.

படம் ஓடியது. இந்தத் தடவை தூங்கக் கூடாதென்று தொடையைக் கிள்ளிக் கிள்ளியே உட்கார்ந்திருந்தான். அதுதான் தப்பாகப் போயிற்று. விழித்துப் பார்த்தால் அது வேறு படமாக இருந்தது.

"ஏங்க, கேப்டன் எப்ப எந்திரிப்பாரு?" என்றாள் வீரம்மா.

"எந்திரிப்பாரு, எந்திரிப்பாரு. பெரிய மனுசன்."

"அப்ப கப்பல யாரு ஓட்டுறா?"

திரையில் ஒரு பெண் முகமெல்லாம் கரியும் எண்ணெயுமாக, கையில் ஸ்பேனரோடு குழாய்க்குள் தவழ்ந்துகொண்டிருந்தாள். அவள் ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் ஒழுகியது. மூன்று டிக்கெட்டிலும் பிச்சைமுத்து இவளைப் பார்த்ததில்லை.

"அது... மெக்கானிக்கு."

"கேப்டன் தூங்குறாரு, இவ உருளுறா. நம்ம வீட்டு மாதிரியே இருக்கு லா" என்றாள் முத்தம்மா. சிரிப்புச் சத்தத்தில் இரண்டு வசனம் கேட்காமல் போயிற்று.

பச்சைத் தலைவன் வந்தான். "இவன்தான் வில்லன்!" என்று நிமிர்ந்தான் பிச்சைமுத்து. இங்கேயாவது பிடி கிடைக்கட்டும்.

"அவன் பாவங்க" என்றாள் வீரம்மா. "அவன் ஊர்ல வந்து இவங்கதான் கேக்காமக் கொள்ளாமக் கொடி நடுறாங்க. எங்க தோட்டத்த வாங்கினவனும் இப்படித்தான் ஜீப்புல வந்து இறங்கினான். அப்ப எங்கப்பாவுக்கும் மூஞ்சி இந்த நெறத்துலதான் இருந்துச்சு."

பத்துப் பேரும் பச்சைத் தலைவனுக்காக உச்சுக்கொட்டினார்கள். பிச்சைமுத்துவுக்கு அலுப்பாக இருந்தது. தூங்கியே பார்த்திருக்கலாம்.

ஒருவழியாக அந்தக் கட்டம் வந்தது. கப்பல் கதவு. அந்த மெக்கானிக் பெண்தான் வெளியே போகத் தயாராக நிற்கிறாள். இருவர் தலையிலும் குண்டாச்சட்டி மாதிரி ஒன்று. ஒருவழியாகத் தூங்கி எழுந்த கேப்டன் உள்ளிருந்து ஏதோ சொன்னார். சட்டிக்குள் பேசினால் எந்தப் பாஷையும் கொளகொளதான். ஆனால் அடியில் மலாயில் எழுத்து ஓடியது.

"நிப்பாட்டுங்க ஐயா!" என்றாள் வீரம்மா. படம் நின்றது. எழுத்தும் நின்றது. "ஏங்க, கேப்டன் என்னா சொல்றாரு? படிங்க."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பேசச் சொன்னால் பிச்சைமுத்து மலாயைப் பொரிந்து தள்ளுவான். எழுத்து என்றால் அவனுக்கு எறும்பு வரிசை. தோட்டத்துப் பள்ளியில் மூணாவதோடு நின்றவன். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. போன வருஷம் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தபோது, "கொசு மருந்து அடிக்க வாறாங்களாம்" என்று கம்பீரமாகப் படித்துச் சொன்னான். மறுநாள் காலை தலையில் சோப்பு நுரையோடு அவன் நிற்கும்போது குழாயில் தண்ணீர் நின்றது. இரண்டு நாள் வரவில்லை. வீரம்மா அப்போது ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவள், மலாய்ப் பாடமும் சேர்த்து.

"வெளிச்சம் கண்ணுல அடிக்குது" என்றான். "நீ படி, சரியான்னு பாக்குறேன்."

வீரம்மா எழுந்துபோய் டிவிக்கு முன்னால் நின்றாள். கூச்சப்படுகிறவள். பத்துப் பேருக்கு முன்னால் குரல் நடுங்கத்தான் செய்தது.

"பெர்கிலா. பியார் சாயா ஜாகா ரூமா. போயிட்டு வா, வீட்ட நான் ஜாகா பாத்துக்கிறேன்."

"அட, கேப்டனும் ஜாகாதானா!" என்று முத்தம்மா கைதட்டினாள்.

ஐயாத்துரை வாயைத் திறந்தார். பிறகு ஏனோ "ஸ்ஸ்" என்று காலைப் பிடித்துக்கொண்டு மூடினார்.

"அப்படித்தான எழுதியிருக்கு?" என்றாள் வீரம்மா. "நீங்களும் படிச்சீங்கதான?"

பத்துத் தலைகள் திரும்பின. இல்லை என்றால் வேறு என்ன என்று சொல்ல வேண்டும். எறும்புகள் வரிசையாக நின்று அவனைப் பார்த்தன.

"படிக்காமலா? அப்படித்தான் எழுதியிருக்கு."

படம் மறுபடி ஓடியது. வெளியே மிதந்து போன பெண் ஓட்டையை அடைத்துவிட்டு முழுசாகத் திரும்பி வந்தாள். கேப்டன் சந்தோஷத்தில் அழுதார். பிச்சைமுத்து அழவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் ஐயாத்துரை வேலியோரம் கூப்பிட்டார். இன்னும் நொண்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, அந்தக் கேப்டன் சொன்னது உமக்கு விளங்கினதோ?"

"ஏன் ஐயா?"

"'கதவைச் சாத்து, காத்துப் போகுது.' அவ்வளவுதான் அவர் சொன்னவர். கீழ மலாயில இருந்ததும் அதுதான்."

"இத அன்னைக்கே சொல்லக் கூடாதா ஐயா?"

"சொல்ல வெளிக்கிட்டனான். அம்பிகை காலில ஏறி நிண்டிட்டா. இனி நீரும் வாயைத் திறக்காதையும். நானும் படிச்சனான் எண்டு பத்துப் பேருக்கு முன்னால சொன்னீரல்லோ? பிறகு உமக்கு வாசிக்கத் தெரியாதெண்டு ஊரெல்லாம் சொல்லும்."

திங்கட்கிழமை காலை மெங்லம்புவிலிருந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும் வழியெல்லாம் என்ன கேட்பது என்று அடுக்கிக்கொண்டே வந்தான். வாசலில் வீரம்மா நீலச் சட்டை போட்டு நின்றாள். தலை படிய வாரியிருந்தாள். கமலியைத் தூக்கி அவன் இடுப்பில் வைத்தாள்.

"கஞ்சி ஆறிட்டிருக்கு. பத்து மணிக்கு ஊட்டுங்க. என்னா, ஏதோ சொல்ல வந்தீங்களா?"

"ஒண்ணுமில்ல."

முச்சந்தியில் பஸ் ஹார்ன் அடித்தது. வீரம்மா படலைத் தாண்டிப் போனவள், நின்று திரும்பினாள். முகத்தில் சிரிப்பே இல்லை.

"ஏங்க, கதவச் சாத்திக்குங்க. காத்துப் போவுது."

பிச்சைமுத்து கதவைச் சாத்தினான்.