சிவப்பு அட்டை தொங்கிய சாரம்

லீவு முழுவதையும் பாயில் படுத்தே கழிப்பது என்று சாரம் கட்டும் மேஸ்திரி சபதம் எடுத்திருந்தார். இந்த லீவிலாவது மாடிச் சுவருக்கு வெள்ளையடித்தே தீர வேண்டும் என்று அவர் மனைவி ஒற்றைக்காலில் நின்றாள்.

மறுத்துப் பேசி ஜெயித்த சரித்திரம் அவருக்குக் கிடையாது. அதனால் கம்பெனியிலிருந்து குழாய், பலகை எல்லாம் இரவல் வாங்கி வந்து, சமர்த்தாகச் சாரம் கட்டினார். கடைசியில் அதில் ஒரு சிவப்பு அட்டையை மாட்டினார்.

"இது என்னங்க?"

"ஏறக் கூடாதுன்னு அர்த்தம். சோதிச்சுப் பார்த்துப் பச்சை அட்டை மாட்டுற வரைக்கும் ராஜாவே வந்தாலும் ஏற முடியாது."

"யாரு சோதிக்கணும்?"

"நான்தான்."

"எப்போ?"

"லீவு முடியட்டும்."

மனைவி "சரிங்க" என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். மனிதர் பாயை விரித்துவிட்டார்.

மறுநாள் டீயோடு வந்தாள். "நல்லவேளை, சிவப்பு அட்டை மாட்டுனீங்க. எதிர்வீட்டுக் கொத்தனாரும் ஏறாதீங்கன்னுதான் சொன்னாரு."

"அவன் என்ன சொல்றது?"

"அடியில குழாயைத் தாங்குற ஜாக்கி சரியா உட்காரலையாம். நெட்டுக் குழாய் சாயுதாம். குறுக்குக் குழாய்ல அடிச்ச ஆப்பெல்லாம் லூசாம். பலகையில பூனை நடந்தாக்கூடப் பூனை காலியாம்."

மேஸ்திரியைச் சோம்பேறி என்று சொல்லுங்கள், சிரிப்பார். சாரம் ஆடுகிறது என்றால் மட்டும் மிளகாயை அரைத்துப் பூசியது மாதிரி எரியும்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! நேரா ஒரு செங்கல் வைக்கத் தெரியாத பய, என் சாரத்தைச் சொல்றானா?"

"விடுங்க. வயசாச்சு, கை தளர்ந்திருக்கும்."

அவ்வளவுதான். அட்டையைப் பிய்த்தெறிந்தார். ஜாக்கிகளை உதைத்துப் பார்த்தார். ஆப்புகளை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டினார். ஏணியில் தடதடவென்று ஏறி, பலகை நடுவில் நின்று குதித்தார். ஒரு குழாய்கூட முனகவில்லை.

"ஆடுதா? நல்லாப் பாருடி, ஆடுதா?"

"அசையலைங்க. அப்போ நின்னு வேலை பார்க்கலாமா?"

"குடித்தனமே பண்ணலாம்!"

"அப்போ இதைப் பிடிங்க."

சுண்ணாம்பு வாளி கயிற்றில் மேலே வந்தது. பிரஷும் கூடவே வந்தது. கோபத்தில் எதை வாங்குகிறோம் என்று பார்க்காமலே வாங்கி வைத்துவிட்டு, எதிர்வீட்டுப் பக்கம் திரும்பினார்.

"யோவ் கொத்தனாரே! வெளிய வாய்யா! வந்து பாருய்யா!"

எதிர்வீட்டு மதில் உயரம். தெருவில் நின்றால் வாசல் தெரியாது. சாரத்தின் மேலிருந்து நன்றாகவே தெரிந்தது. கதவில் பூட்டு தொங்கியது.

"நீங்க சாரம் கட்டுறதுக்கு முந்தியே அவங்க குடும்பத்தோட வெளியூர் போயாச்சுங்க," என்றாள் மனைவி, கீழிருந்து ஏணியை அப்பால் நகர்த்தியபடி. "அந்த மூலையில இருந்து ஆரம்பிங்க."