மூன்று ஊரில் ஒரு வாசல்

மென்பொருள் எழுதுகிறவர்கள் புத்தியால் எழுதுவதாக வெளியில் சொல்லிக்கொள்வோம். நான் பயத்தால் எழுதினவன். அந்தப் பயத்தை ஒரு பின்னேரம் கனடாவிலிருந்து ஒருவர் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார்.

கிளிநொச்சியில் ஒரு உரக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் மென்பொருள் கந்தோர். ஐந்து பேர், நான்கு கதிரை. (ஒருவர் எப்போதும் தேத்தண்ணி போடப் போயிருப்பார் என்ற நம்பிக்கை.) நடத்தியவள் சுகந்தி, என்னைவிடப் பத்து வயது இளையவள். கனடாத் தமிழர் ஒருவரின் நிறுவனம் எங்களுக்கு ஒரு வேலை தர யோசித்தது. கிடைத்தால் கந்தோர் இரண்டு வருடம் மூச்சு விடும். கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் பூட்டு.

வேலை இதுதான். பெரிய நிறுவனங்களுக்குள் நூற்றுக்கணக்கான மென்பொருட்கள் கிடக்கும். எது யாருடையது, எது எதை நம்பி நிற்கிறது என்று அங்கே வேலை செய்கிறவர்களுக்கே தெரியாது. அத்தனையையும் ஒரே வாசலில், போர்ட்டல் என்பார்கள், காட்ட ஒரு திறந்த மூல மென்பொருள் உண்டு. அதை நிறுவி, ஓட்டிக் காட்டவேண்டியது என் பொறுப்பு. முன்னால் கண்ணுக்குத் தெரிகிற முகப்பு. பின்னால் உழைக்கிற பின்தளம். அதன் நடுவில் எல்லாப் பெயரும் உறவும் எழுதிய பட்டியல். தேடல், ஆவணங்கள் எல்லாம் அந்தப் பட்டியலை நம்பிக் கொழுவி நிற்கிற செருகிகள். சின்ன இடமென்றால் பின்தளம் முழுவதையும் ஒரே கணினியில் ஓடவிடுங்கள் என்று வழிகாட்டியே சொல்கிறது.

வாசித்தேன். விளங்கியது. கைதான் கேட்கவில்லை.

எல்லாவற்றையும் ஒரே இடத்திலா? அந்த இடத்திலேயே விழுந்தால்? தேடலைக் கந்தோரில் வைத்தேன். ஆவணங்களை நெளுக்குளத்தில், கூட வேலை செய்யும் றிஸ்வானின் வீட்டுக் கணினியில். பட்டியலை உடையார்கட்டில், என் வீட்டு அலுமாரிக்குப் பக்கத்தில். (முகப்பை நாயாற்றில் கொண்டுபோய் வைக்காததற்கு ஒரே காரணம், அங்கே எனக்குச் சொந்தக்காரர் இல்லை.)

“அண்ணை, இது போர்ட்டலோ, இடம்பெயர்வோ?” என்றான் றிஸ்வான்.

“ஒண்டு விழுந்தா மற்றது மிஞ்சுமடா,” என்றேன், பெரிய ஞானி போல.

காட்டவேண்டிய நாள் வந்தது. கனடாக்காரர் கிளிநொச்சியில் பிறந்து, சின்ன வயதிலேயே போனவர். முகப்பு சோக்காக எழும்பியது.

“வடிவா இருக்கு. இந்தச் சேவை ஆரின்ர பொறுப்பு எண்டு காட்டுங்கோ பாப்பம்.”

அழுத்தினேன். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. தேடலைத் தட்டினேன், வெறுமை. ஆவணங்களைத் திறந்தேன், வெறுமை. அந்தக் கணினிகள் உயிரோடுதான் இருந்தன. பட்டியலைக் கேட்டுக் கேட்டு, பதில் வராமல், ஒவ்வொன்றாய் வாய் மூடின.

மேசைக்குக் கீழே குனிந்து, வீட்டில் என் அம்மாவோடு இருந்த மனைவி கலாவுக்கு அழைப்பெடுத்தேன். (பதற்றத்தில் ஒலிபெருக்கியை அழுத்திவிட்டேன். கனடா வரை கேட்டிருக்கிறது.)

“கறன்ட் நிண்டிட்டுதோ?”

“இல்லையப்பா. இடி முழங்குது. மாமி எல்லாப் பிளக்கையும் கழட்டிப்போட்டா.”

“திரும்பக் கொழுவு!”

“எதைக் கொழுவ? பெட்டியையும் தூக்கிக்கொண்டு கட்டிலுக்குக் கீழ போயிட்டா.”

“என்ன பெட்டி?”

“உங்கட பட்டியல்தான்.”

கனடாக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். சுகந்தி சிரிக்கவில்லை.

“தம்பி, ஒரு சின்ன வாசலை ஏன் மூண்டு ஊரில பிரிச்சு வச்சனியள்?” என்று கேட்டார் கனடாக்காரர்.

பாதுகாப்பு, நம்பகத்தன்மை என்று நல்ல சொற்கள் கைவசம் இருந்தன. வாயில் வந்தது வேறு.

“எல்லாரும் ஒரே பங்கருக்குள்ள இருக்கக்கூடாதெண்டு பழகிட்டம் அண்ணை.”

அவருடைய சிரிப்பு நின்றது.

யுத்தத்தின் கடைசி மாதங்களில் எங்கள் வளவில் இரண்டு பங்கர். யார் எதற்குள் என்று பிரித்தவன் நான். அம்மாவும் நானும் ஒன்றில், அப்பாவும் தங்கச்சியும் மற்றதில். ஒன்று விழுந்தால் மற்றது மிஞ்சும். செல் அவர்களுடையதில் விழுந்தது. நாங்கள் மிஞ்சினோம். அதன் பிறகு கனகாலம், எங்கள் வீட்டில் எதைக் கேட்டாலும் பதில் வரவில்லை.

“விளங்குது தம்பி,” என்றார் கனடாக்காரர். “ஆனா என்ர ஆக்களுக்கு இதை எப்பிடி விளங்கப்படுத்திறது?”

வேலை வேறு ஆட்களுக்குப் போனது. மாதக் கடைசியில் சுகந்தி கந்தோரைப் பூட்டினாள். ஒரு சொல் ஏசவில்லை. உரக்கடைக்காரரிடம் கொடுக்கச் சொல்லிப் பூட்டின் இரண்டு திறப்பையும் என் கையில் வைத்தாள்.

“ரெண்டையும் ஒரே பொக்கற்றுக்குள்ள போடுங்கோ அண்ணை, பாப்பம்.”

போட்டேன். படி இறங்கி முடிவதற்குள் ஒன்றை மற்றப் பொக்கற்றுக்கு மாற்றியிருந்தேன்.

அன்றிலிருந்து வீட்டில் என் பெயர் ஆர்க்கிடெக்ட், எது எங்கே என்று பிரித்து வரைகிறவன். குடும்பமாக எங்கே வெளிக்கிட்டாலும் நான் வாடகைக்கு இரண்டு வான் பிடிப்பேன். “ஆர்க்கிடெக்ட் ஐயா, ஆர் எந்த வான்?” என்று கலா வாசலில் நின்று கத்துவாள். எல்லாரும் சிரிப்பார்கள், அம்மாவும்தான்.

போன மாதம் ஒரு கலியாணத்துக்கு வெளிக்கிட்டோம். கலா வாய் திறக்க முதல் அம்மா முதல் வானில் ஏறி இருந்துகொண்டு, பக்கத்துச் சீற்றைத் தட்டினார்.

“மற்ற வானை அனுப்பிவிடு. இறுகி இருப்பம்.”

ஒருவர் மடியில் ஒருவராய்ப் போனோம். நான் கதவோரம் இருந்து தலைகளை எண்ணிக்கொண்டு வந்தேன்.

“எண்ணி முடிஞ்சுதோ?” என்று கேட்டாள் கலா.

இன்னும் இல்லை.