உங்கள் அத்தை அறியாமல் எழுதுவது

எறையூர்,
ஆயுத பூஜை, பிற்பகல்.

பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட மாப்பிள்ளை பரணிதரன் அவர்களுக்கு, மாமனார் அய்யாக்கண்ணு எழுதும் மடல்.

இங்கே நானும் என் தங்கை கமலவேணியும் அவள் வீட்டுக்காரர் ராஜவேலும் அவர்களுடைய கறவை மாடுகளும் சுகம். பெங்களூரில் தாங்களும் மகள் கீதாஞ்சலியும் அவ்வாறே இருக்கக் குலசாமியைக் கும்பிட்டுக்கொள்கிறேன். வழக்கமாக இந்த இடத்தில் "உங்கள் அத்தையும் நலம்" என்று எழுதுவேன். இந்த முறை அப்படி அடித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. காலையில் பார்த்தபோது நலமாகத்தான் தெரிந்தாள். ஆனால் நான் பார்த்தது அவளுக்குத் தெரியாது. அவள் உடையார்பாளையத்தில் நம் வீட்டில் இருக்கிறாள், நான் எறையூரில் தங்கை வீட்டில் இருக்கிறேன், எங்களுக்குள் போன வாரத்திலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. இதில் தங்களிடம் ஒரு உதவி கேட்கப்போகிறேன். அது கடைசியில் வரும், பொறுமையாகப் படிக்கவும்.

முதலில் தாங்கள் வாங்கிக் கொடுத்த டேப்லட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சிமெண்ட் ஆலை டைம் ஆபீஸில் தலை நரைத்தவன் நான். மலை மாதிரி சுண்ணாம்புக்கல்லை மாவாக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தயிர்சோறு தின்றவன், எதைப் பார்த்தும் வாயைப் பிளந்ததில்லை. இப்போது பிளந்த வாய் மூடவில்லை மாப்பிள்ளை. கரும்பு லாரி போகிற சாலையோரம் வேப்பமரத்தடியில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்துகொண்டு இதில் விரலை வைத்து இழுக்கிறேன், அங்கே நம் வீட்டுக் கூடத்தில் கம்ப்யூட்டரின் அம்புக்குறி நகர்கிறது. அந்தக் கூடத்துக்கு நான் போக வேண்டுமென்றால் பெரம்பலூரில் ஒரு பஸ், அரியலூரில் ஒரு பஸ் என்று மாறி, இடுப்பு கழன்றுதான் இறங்க வேண்டும். என் விரல் மட்டும் டிக்கெட் எடுக்காமல் போய்விடுகிறது. இந்தக் கடிதம்கூட நான் அடிப்பது இங்கே, எழுத்து விழுவது அங்கே. "அண்ணே, கையில இருக்குறதுலயே எழுதி அனுப்பிச்சா ஆவாதா, எதுக்கு ஊரச் சுத்தி மூக்கத் தொடுறீங்க?" என்று கமலவேணி கேட்கிறாள். மாப்பிள்ளைக்கு எழுதுகிற கடிதம் நம் வீட்டிலிருந்து போவதுதான் மரியாதை என்று சொல்லிவிட்டேன்.

நல்ல வேளையாக வீட்டுக் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருக்கிறது. கிளம்பிய கோபத்தில் நான் அணைக்காமல் வந்துவிட்டேன். உங்கள் அத்தைக்கு அதை அணைக்கத் தெரியாது. அதன் பக்கமே போகமாட்டாள், தொட்டால் ஷாக் அடிக்கும் என்று நம்புகிறவள். ஆகவே இந்தக் கடிதம் நம் இருவருக்குள் மட்டும் இருக்கும் என்பதை உறுதியாகச் சொல்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் ஏன் எறையூரில் இருக்கிறேன் என்றால்

மாப்பிள்ளை, மன்னிக்கவும். மேலே அந்த வாக்கியத்தின் பாதி காணாமல் போய்விட்டது. நான் முழுதாகத்தான் எழுதினேன். எழுதி முடித்ததும் கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக, எறும்பு தின்பது போல, என் கண்ணெதிரே மறைந்தது. கரும்பு லாரி போனதில் சிக்னல் ஆடியிருக்கும் என்று மறுபடி எழுதினேன், மறுபடி மறைந்தது. லாரி இல்லாத நேரம் பார்த்து மூன்றாவது தடவை எழுதினேன். அதுவும் போயிற்று. அதில் என்ன இருந்தது என்று இங்கே சொன்னால் இதுவும் போய்விடும், ஆகவே தாங்களே ஊகித்துக்கொள்ளவும். அத்தை எனக்குச் செய்த ஒரு காரியத்தைப் பற்றியது. கடைசியில் சோதித்துப் பார்ப்போம் என்று வேறு மாதிரி எழுதுகிறேன்: நானாகத்தான் கோபித்துக்கொண்டு கிளம்பி வந்தேன்.

பாருங்கள், இது நிற்கிறது! கல்லில் வெட்டிய மாதிரி நிற்கிறது. மாப்பிள்ளை, எனக்கு உடம்பெல்லாம் புல்லரிக்கிறது. இந்தக் கம்ப்யூட்டருக்கு எது நிஜம் எது பொய் என்று தெரிகிறது. கூடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதானே இருந்தது!

ஆகவே இனி எச்சரிக்கையாகவே எழுதுகிறேன். சண்டைக்குக் காரணம் ஒரு காபி. நம் வீட்டுக்குப் பின்னால் தோப்பில் இருந்துகொண்டு இந்த டேப்லட் வழியாகக் கூடத்துக் கம்ப்யூட்டரில் பெரிய எழுத்தில் "காபி" என்று எழுதுவேன். கத்திக் கூப்பிடாமல், தொண்டைக்கு வலியில்லாமல், எவ்வளவு நாகரிகமான ஏற்பாடு! அத்தை பார்த்துவிட்டுக் கொண்டுவருவாள். இதைத் தினமும் நாலு தடவை செய்தேன்.

மாப்பிள்ளை, நான் அடித்தது "எப்போதாவது". அது தானாக அழிந்து "தினமும் நாலு தடவை" என்று ஆகிவிட்டது. நான் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை, ராஜவேல் மச்சானும் பக்கத்திலிருந்து பார்த்தார். அவர் உடனே எழுந்து போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். "மச்சான், இதுகிட்ட வெளயாடாதீங்க, சொல்றத ஒழுங்காச் சொல்லிருங்க" என்று அவர் சொன்னதால் நாலு தடவை என்பதை ஒப்புக்கொண்டு மேலே போகிறேன்.

போன வாரம் அத்தையின் அண்ணன் திருமுருகன் குடும்பத்தோடு பூலாம்பாடியிலிருந்து வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறார். தோப்பில் இருந்த எனக்கு அது எப்படித் தெரியும்? வழக்கம்போல எழுதினேன். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டேன், சிவப்பில். உடனே வரவில்லை என்று "காபி எங்கே" என்றும் எழுதினேன். அந்த வீட்டு மருமகள் பிரவீணா அதைப் படித்துவிட்டு, "ஏன் அத்தே, ஓட்டல்ல ஆர்டர் வர்ற மாதிரி வருதே, எத்தனாம் நம்பர் டேபிளு?" என்று கேட்டிருக்கிறாள். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அத்தையும் சிரித்ததாகத்தான் கேள்வி. அவர்கள் போன பிறகு நான் வீட்டுக்கு வந்தேன். அடுக்களை வாசலில் நின்றுகொண்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "இனிமே எங்கிட்ட எதுவும் வேணும்னா வாயால கேளுங்க. இல்லாட்டி கேக்காதீங்க."

இதற்கு நான் சரி என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டேப்லட்டையும் அதன் சார்ஜரையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். மாற்று வேட்டி எடுக்கத் தோன்றவில்லை. இங்கே வந்ததிலிருந்து ராஜவேல் மச்சானின் வேட்டிதான். அவர் என்னைவிட ஒரு முழம் உயரம் என்பதால் நடக்கும்போது கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். இந்தத் தெருவில் எனக்கு ஏதோ மரியாதைக்குரிய ஆள் என்று பெயராகியிருக்கிறது.

இன்று காலை நடந்ததைக் கேளுங்கள். ஆயுத பூஜையாயிற்றே, வீட்டில் என்ன நடக்கிறதோ என்று மனது அடித்துக்கொண்டது. டேப்லட்டில் வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்து எதையோ தொட்டேன், கேமரா திறந்துகொண்டது. மாப்பிள்ளை, நம் கூடம்! நான் இல்லாத நம் கூடம்! என் நாற்காலியின் மேல் மடித்த துணி அடுக்கியிருந்தது. தரையில் வாழையிலை. அதில் அரிவாள்மணை, அவளுடைய தையல் மெஷினின் கத்தரிக்கோல், என் மண்வெட்டி எல்லாம் கழுவித் துடைத்து வரிசையாக இருந்தன. என் மண்வெட்டிக்கு மட்டும் பூ கொஞ்சம் கூடுதலாக இருந்ததோ என்று எனக்கு ஒரு எண்ணம். சத்தம் இல்லை, படம் மட்டும். ஒரு மனிதன் தான் இல்லாதபோது தன் வீடு எப்படி இருக்கும் என்று பார்த்துவிட முடியும் என்பதை நான் எந்தக் காலத்திலும் நினைத்ததில்லை.

அத்தை வந்தாள். ஈரத்துணியால் கம்ப்யூட்டரைத் துடைத்தாள். டேப்லட் முழுக்க அவள் முகம். நான் இங்கே கட்டிலிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன், வேட்டியைக்கூடச் சரி செய்தேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் என்னை அவ்வளவு நேராகப் பார்த்ததில்லை. நானும் அவளைப் பார்த்ததில்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது. நெற்றி ஓரம் எப்போது இவ்வளவு நரைத்தது? பிறகு சந்தனக் கிண்ணத்தில் விரலைத் தோய்த்தாள். அந்த விரல் பெரிதாகிக்கொண்டே வந்தது, வந்தது, வாழைப்பழம் அளவுக்கு வந்தது, உலகமே இருட்டிவிட்டது. எனக்குக் கண் போய்விட்டது என்று அலறிவிட்டேன். மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்த ராஜவேல் மச்சான் ஓடிவந்து என் இமையைப் பிரித்துப் பார்த்து, "கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு மச்சான், கைல இருக்குறதுதான் கறுத்துப் போச்சு" என்றார். கமலவேணி எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணி கேமரா மேல பொட்டு வச்சுட்டாங்கண்ணே. நெத்தின்னு நெனச்சுட்டாங்க போல" என்றாள். பாவம், அத்தைக்கு அது கேமரா என்று எப்படித் தெரியும்? மானிட்டருக்கு நடுநெற்றியில் வைப்பதாக நினைத்து, பக்தியோடு என் கண்ணை மூடிவிட்டாள்.

அது முதல் கேமராவில் இருட்டுதான். அந்த இருட்டில்தான் எனக்கு எல்லாம் வெளிச்சமாயிற்று. இனி நான் கேட்க வந்த உதவி.

மாப்பிள்ளை, எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும். இங்கே ஒரு குறையும் இல்லை. கமலவேணி நன்றாகத்தான் சமைக்கிறாள், ரசத்தில் மட்டும் ஏதோ ஒன்று குறைகிறது. (இந்த வரி அழியவில்லை என்பதைக் கவனிக்கவும்.) கோபித்துக்கொண்டு வந்தவன் கூப்பிடாமல் போனால் நாளைக்கு வீட்டில் என் பேச்சு எடுபடாது. ஆகவே தாங்கள் அத்தைக்குப் போன் செய்து, நீங்களாகவே தோன்றியது மாதிரி, "மாமாவ ஒரு வார்த்தை கூப்பிடுங்களேன்" என்று சொல்ல வேண்டும். நான் சொன்னதாகச் சொல்லக்கூடாது. அவள் "வாங்க" என்று ஒரு சொல் சொன்னால் போதும், செய்தியாக வந்தாலும் போதும். சாயங்காலத்தில் அவள் யாரிடம் பேசுகிறாள் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னைத் திட்டிக்கொண்டே கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடப்பாளே, அந்தச் சத்தம் கேட்காமல் எனக்குத் தூக்கமும் சரியில்லை. இதை எல்லாம் அவளிடம் நேரில் என்னால் சொல்ல வராது, அதனால்தான் தங்களிடம் சொல்கிறேன்.

இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரிப்பீர்கள், பரவாயில்லை. இந்தப் பத்தி முழுக்க ஒரு எழுத்துக்கூட அழியவில்லை மாப்பிள்ளை. அம்புக்குறி ஒரே இடத்தில் அசையாமல் நிற்கிறது.

கீதாஞ்சலிக்கு என் ஆசிகள். தாங்கள் இருவரும் சகல சௌபாக்கியங்களும் பெற்று, ஒரே வீட்டில், ஒருவருக்கொருவர் வாயால் பேசிக்கொண்டு நீடூழி வாழ வேண்டும். கடிதம் கிடைத்ததும் உடனே போன் செய்யவும். அத்தைக்குத் தெரிய வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாமனார்,
அய்யாக்கண்ணு

பின்குறிப்பு:

மாப்பிள்ள, நான் அத்தை எழுதுறேன். இவங்க எழுத ஆரம்பிச்சதுலேர்ந்து நான் இங்க கம்ப்யூட்டர் முன்னாலதான் உக்காந்திருக்கேன். எழுத்து இங்கதான் விழுவுதுன்னு ஊருக்கெல்லாம் பெருமையடிக்கிறவங்களுக்கு, விழுவுற எடத்துல நான் இருப்பேன்னு தோணல பாருங்க. முன்னால இவங்க தோப்புக்குப் போற மத்தியானத்துல கீதா எனக்குப் போன்லயே கம்ப்யூட்டர்ல எழுதுறது, அழிக்கிறது எல்லாம் சொல்லிக் குடுத்துச்சு. நான் தொரத்திட்டேன்னு மூணு தடவ எழுதுனாங்க, மூணு தடவயும் நாந்தான் அழிச்சேன். நாலு தடவ காபின்னு போட்டதும் நாந்தான். மேல போட்டிருக்குற அவங்க பேர மட்டும் தொடல, அத நான் எழுதுறது வழக்கமில்ல.

அப்புறம், கேமரா பக்கத்துல பச்ச வெளக்கு எரிஞ்சா யாரோ பாக்குறாங்கன்னு கீதா சொல்லியிருக்கு. அங்கேர்ந்து பாக்குறதுக்கு வேற யாரு இருக்கா? தெரிஞ்சேதான் பொட்டு வச்சேன்.

நான் இவங்கள கூப்பிட மாட்டேன். நீங்களும் எனக்குப் போன் பண்ண வேணாம். பொட்டத் தொடச்சுட்டேன், கம்ப்யூட்டர வாசப் பக்கம் திருப்பி வச்சிருக்கேன். கதவு தெறந்துதான் கெடக்கு. வேணும்னா பாத்துக்கச் சொல்லுங்க.

இன்னொரு பின்குறிப்பு:

மாப்பிள்ளை அவர்களுக்கு, மேலே நான் எழுதியதில் எதையும் கவனத்தில் கொள்ள வேண்டாம். தங்களுக்குச் சிரமம் வேண்டியதில்லை. பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன், ராஜவேல் மச்சானின் வேட்டியோடு. அரியலூர் தாண்டிவிட்டோம். கதவு இன்னும் திறந்தேதான் இருக்கிறது.