மச்சானின் அளவு நோட்டும் என் மொபைல் சைட்டும்

என் இடுப்பளவு நாற்பத்தொன்று. இதை நானாக முன்வந்து ஒப்புக்கொள்வதில் பெருந்தன்மை எதுவும் இல்லை. நெய்வேலி டவுன்ஷிப்பில் எல்லா பிளாக்கிலும் இந்த எண் ஏற்கெனவே தெரியும். தெரியாமல் இருந்தவன் நான் ஒருவன்தான். பதினோரு வருஷம் என்னை முப்பத்தாறு என்று நம்பிக்கொண்டு நிமிர்ந்து நடந்தேன். (நிமிர்ந்தால் வயிறு இன்னும் முன்னால் போகும் என்பது இயற்பியல். நான் படித்தது வரலாறு.)

முப்பத்தாறு என்று சொன்னவர் என் மச்சான் அந்தோணி, என் மனைவி ஸ்டெல்லாவின் அண்ணன். மெயின் பஜாரில் ‘நியூ ஸ்டைல் டெய்லர்ஸ்’ நடத்துகிறார். கடை திறந்த நாளிலிருந்து ஒரே ஸ்டைல்தான். முன்னால் இரண்டு மடிப்பு, பின்னால் ஒரு பாக்கெட், மைன்ஸில் எந்த இடத்தில் எப்படிக் குனிந்தாலும் பிரியாத தையல். அளவெடுக்கும்போது டேப்பைச் சுற்றி, “இடுப்பு முப்பத்தாறு” என்று கடை முழுவதும் கேட்கக் கூவுவார். பிறகு காதில் செருகிய பென்சிலை எடுத்து நோட்டில் எழுதுவார். பரீட்சையில் பக்கத்துப் பையன் பார்த்துவிடாமல் விடை எழுதும் பிள்ளை மாதிரி, நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டுதான் எழுதுவார். ஏன் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

சில வருஷம் முன்பு ஜனங்கள் போனிலேயே பேண்ட் வாங்கக் கற்றுக்கொண்டார்கள். பார்சல் வண்டிகள் மச்சான் கடையைத் தாண்டி குவார்ட்டர்ஸ்களுக்குப் போயின. அந்த பேண்ட்டுக்குக் கால் மடிக்க மட்டும் அவரிடம் வந்தார்கள். வேறு வீட்டில் விருந்து சாப்பிட்டுவிட்டு நம் வீட்டில் கை கழுவ வருவது மாதிரி. தீபாவளியே மந்தமாகப் போயிற்று. ஒருநாள் எங்கள் வீட்டில் காபி குடித்தபடி மச்சான் சொன்னார்:

“கிறிஸ்மஸ் வரைக்கும் பாக்கறேன் ஸ்டெல்லா. ஆர்டர் வரலன்னா கடைய மூடிட்டு திருப்பூர் போயிடுவேன். அங்க ஒரு கம்பெனில கட்டிங் மாஸ்டருக்கு ஆள் கேக்கறாங்க.”

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். பர்மனென்ட் வேலையில், ஸ்டோர்ஸ் செக்‌ஷனில், நாற்காலியில் உட்கார்ந்தே காலம் கழிக்கும் ஒரு மனிதனை எப்படிப் பார்க்கவேண்டுமோ அப்படிப் பார்த்தாள். அந்த நிமிஷம் நான் தீர்மானம் செய்தேன். என் தீர்மானங்கள் எல்லாமே உறுதியானவை. அதுதான் அவற்றின் கோளாறு.

வடலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில், சிறுகடைக்காரர்களுக்கு செல்போன் வழியாக விளம்பரம் செய்யக் கற்றுத்தரும் ஒருநாள் வகுப்பு நடந்தது. லீவு போட்டுப் போனேன். கன்னத்தில் மைக் ஒட்டிய ஓர் இளைஞர் மேடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி, வாடிக்கையாளரைப் பற்றிய தகவல்தான் கடையின் புதையல் என்றார். எதுவும் ஒரே தொடுதலில் முடியவேண்டும், இரண்டாவது தொடுதலுக்குள் ஆள் ஓடிவிடுவான் என்றார். மதிய சாம்பார் சாதம் அருமையாக இருந்ததால் அவர் சொன்ன எல்லாவற்றையும் நம்பினேன்.

புதையல் என்றதும் எனக்கு அளவு நோட்டு ஞாபகம் வந்தது. முன்னூறு பேருடைய இடுப்பு, நீளம், தொடை, கால் எல்லாம் அதில் இருந்தன. டவுன்ஷிப்பில் செல்வராஜ் என்று கூப்பிட்டால் ஒரு பஸ்ஸே திரும்பிப் பார்க்கும் என்பதால், மச்சான் பெயருக்குப் பதில் எம்ப்ளாயி நம்பரைத்தான் எழுதி வைத்திருந்தார். மொபைலில் ஒரு சைட். அதில் எம்ப்ளாயி நம்பரைத் தட்டினால் அளவு வரும். துணியைத் தேர்ந்தெடுத்து ஒரு பட்டனை அமுக்கினால் ஆர்டர் முடிந்தது. கடைக்கே வரவேண்டாம். எந்தப் பெரிய கம்பெனியிடமும் இல்லாத ஆயுதம் இது என்று எனக்குத் தோன்றியது. (இல்லாததற்குக் காரணம் இருக்கும் என்று தோன்றவில்லை.)

நோட்டைக் கேட்டேன். மச்சான் கத்தரியைக் கீழே வைத்தார்.

“நோட்டு கடைய வுட்டு வெளிய போனதில்ல மாப்ள.”

“ஒரு வாரம் குடுங்க மச்சான். உங்களுக்காகத்தானே.”

ரொம்ப நேரம் யோசித்துவிட்டுக் கொடுத்தார். “ஆனா அதுல இருக்கறத அப்டியே போட்றாத. எங்கிட்ட காட்டிட்டுப் போடு.”

“ஏன்?”

அவர் என் வயிற்றைப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்தார். “ஒண்ணுமில்ல. சும்மாதான்.”

மூன்று வாரம், ஆபீஸ் முடிந்து வந்து நடு ராத்திரி வரை வீடியோ பார்த்துப் பார்த்து சைட்டைக் கட்டினேன். அளவுகளை நானும் ஸ்டெல்லாவும் பக்கம் பிரித்துக்கொண்டு ஏற்றினோம். சில எண்கள் கொஞ்சம் தாராளமாகத்தான் தெரிந்தன. தையலுக்கு விடும் துணியும் சேர்த்தி என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். ஓரிடத்தில் ஸ்டெல்லா தட்டுவதை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

“என்ன?”

“ஒண்ணுமில்லீங்க. நீங்க பாருங்க.”

பாஸ்வேர்டு வைக்கவில்லை. பாஸ்வேர்டு இரண்டாவது தொடுதல் அல்லவா. மச்சானிடம் காட்டவும் இல்லை. திறப்பு விழாவன்று அவர் கண் கலங்கவேண்டும் என்று ஆசை. (கலங்கினார். அதைச் சொல்கிறேன்.)

டிசம்பர் முதல் ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும், பங்கு மக்கள் குரூப், பிளாக் குரூப், ஸ்டோர்ஸ் குரூப், பஸ் குரூப் எல்லாவற்றிலும் லிங்கைப் போட்டேன். “உங்கள் அளவு உங்கள் கையில்” என்று ஒரு வரியும் போட்டேன். சாயங்காலத்துக்குள் ஆயிரத்துச் சொச்சம் பார்வை. டவுன்ஷிப்பில் வேறு எதையுமே அவ்வளவு பேர் ஒரே நாளில் படித்திருக்கமாட்டார்கள். ஆர்டர் ஒன்றும் வரவில்லை. துணி தேர்ந்தெடுக்க நேரம் எடுக்கும்தானே என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை கேன்டீனில் என் செக்‌ஷன் குமரவேல் போனும் கையுமாக வந்தான். அவனைச் சுற்றி ஏழெட்டுப் பேர்.

“உங்க மச்சான் சைட்டு பிரமாதம்யா.”

“ஆர்டர் போட்டாச்சா?”

“ஆர்டரா? தனசேகரன் சார் நம்பரைப் போட்டுப் பாரு முதல்ல.”

தனசேகரன் சார் காலை வாக்கிங் குழுவின் தலைவர். காலேஜில் போட்ட முப்பத்திநாலு சைஸ்தான் இன்றைக்கும் என்று வாரம் ஒருமுறையாவது சொல்வார். கடையில் மச்சானும் முப்பத்திநாலு என்று கூவித்தான் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். சைட்டில் நாற்பத்திரண்டு என்று இருந்தது.

“இது ஏதோ தப்பு” என்றேன்.

“அப்படியா. இது?” குமரவேல் மனப்பாடமாக என் எம்ப்ளாயி நம்பரைத் தட்டினான். இருபது வருஷம் என்னோடு ஒரே ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டவன். நாற்பத்தொன்று என்று வந்தது.

“என் வொய்ஃப் அடிச்சது. டைப்பிங் மிஸ்டேக்.”

“முன்னூறு பேருக்குமா?”

நேராகக் கடைக்குப் போனேன். எனக்கு முன்பே தனசேகரன் சார் அங்கே நின்றிருந்தார். முகம் சிவந்திருந்தது, குரல் மட்டும் தாழ்வாக இருந்தது.

“அந்தோணி, ஒரு டாக்டர்கிட்ட காட்டறதை உங்கிட்ட காட்டியிருக்கேன். நீ ஊருக்கே போட்டுட்ட. இனிமே இந்தப் பக்கம் வரமாட்டேன்.”

அவர் போனபிறகு மச்சான் என் பக்கம் திரும்பினார். கண் கலங்கித்தான் இருந்தது.

“பதினோரு வருஷமா முப்பத்தாறுன்னு சொன்னீங்களே மச்சான்” என்றேன். கடை போகிறது, நான் என் இடுப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

“வாயில சொல்றது ஒண்ணு, நோட்டுல எழுதறது ஒண்ணு மாப்ள. நாலு பேரு நிக்கற எடத்துல ஒருத்தன் இடுப்ப எப்படிக் கூவ முடியும்? அவன் எந்த நம்பர்ல சந்தோசமா கீறானோ அதக் கூவுவேன். நெசத்த நோட்டுல எழுதிக்குவேன். பேண்ட்டு ஏறுச்சா இல்லியா? அதான் தொழிலு.”

“எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே.”

“எப்டிச் சொல்றது? சொன்னா மொதல்ல ஒன்னோட நம்பரத்தான சொல்லணும்.”

சைட்டை அன்றே மூடினேன். ஆனால் எல்லாரும் அதைப் போனில் படம் பிடித்து வைத்திருந்தார்கள். ஒரு வாரம் கடைக்கு ஈ காக்கை வரவில்லை. பார்சல் வண்டிகள் மட்டும் முன்பைவிட அதிகமாகப் போயின. காரணத்தை மச்சானே விளக்கினார்.

“இத்தினி நாளு போன்ல முப்பத்தாறு, முப்பத்திநாலுன்னு போடுவானுங்க. வரும், ஏறாது. எங்கிட்ட கொண்டாந்து இடுப்பு பிரிச்சி வுடச் சொல்லுவானுங்க. பாதிப்பேரு, ‘போவுது அந்தோணி, நீயே தெச்சிக் குடு’ன்னுவானுங்க. இப்ப நெச நம்பரு தெரிஞ்சிபோச்சி. கரெக்டா போட்றான், கரெக்டா வருது.”

ஆக, லீவு போட்டு, வகுப்புக்குப் போய், மூன்று வாரம் கண் விழித்து, பெரிய கம்பெனிகளுக்கு நான் இலவசமாக விளம்பரம் செய்து கொடுத்திருக்கிறேன். வரலாற்றில் கோட்டைக் கதவை உள்ளிருந்து திறந்துவிட்டவர்கள் உண்டு. அவர்களுக்காவது எதிரியிடமிருந்து ஏதாவது கிடைத்திருக்கும்.

மச்சான் திருப்பூருக்கு போன் போட்டுவிட்டார். புத்தாண்டு கழித்து வருவதாகச் சொன்னார். ஸ்டெல்லா அன்று எனக்குச் சோறு போட்டுவிட்டுச் சொன்னாள்: “கெடுத்தது நீங்க. அண்ணன் பெட்டி கட்டறதுக்குள்ள நீங்களே சரி பண்ணுங்க.”

மறுபடியும் தீர்மானம் செய்தேன். இந்த முறை மச்சானிடம் முதலில் காட்டினேன். சைட்டில் ஒரே ஒரு பக்கம்தான். மச்சான் தைத்த பேண்ட்டில் நான் கடை வாசலில் நிற்கும் படம், ஸ்டெல்லா எடுத்தது. கீழே: “இடுப்பு 41. நீங்கள் ஏற்கெனவே பார்த்தாயிற்று. இந்த பேண்ட்டில் தெரிகிறதா? உங்கள் அளவு இனி எந்தப் போனிலும் இருக்காது. அந்தோணியின் நோட்டில் மட்டும்.” ஆர்டர் பட்டன் கிடையாது. கடைக்கு வழி மட்டும் இருந்தது. அதையே பெரிதாக அடித்து ஒரு பேனராகக் கடை வாசலிலும் கட்டுவதாகத் திட்டம்.

“வேணாம் மாப்ள” என்றார் மச்சான். “ஊரே சிரிக்கும்.”

“ஏற்கெனவே சிரிச்சிக்கிட்டுதான் இருக்கு. சிரிக்கிறவங்களைக் கடைக்கு வந்து சிரிக்கச் சொல்றேன்.”

சிரிக்கத்தான் வந்தார்கள். பேனருக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். குமரவேல் குடும்பத்தோடு வந்தான். நானும் தினம் ஜெனரல் ஷிப்ட் முடிந்ததும் அதே பேண்ட்டோடு கடை வாசலில் போய் நின்றேன். விளம்பரம் என்றால் தொடர்ந்து செய்யவேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். சிலர் சிரித்தபடியே என்னைச் சுற்றி வந்து பார்த்தார்கள். “தெரியலதான்” என்று ஒரு குரல் கேட்டது. இரண்டு பேர் உள்ளே போய்த் துணி பார்த்தார்கள்.

நான்காம் நாள் தனசேகரன் சார் கையில் ஒரு பார்சலோடு வந்தார். என்னைப் பார்க்காத மாதிரி என்னைத் தாண்டி உள்ளே போனார்.

“கால் மடிக்கணும்” என்றார். பார்சலை மேஜையில் வைத்தார். “வந்ததுக்கு, அளவும் ஒருதடவை எடுத்துடேன்.”

கடையில் நானும் குமரவேலும் சேர்த்து ஐந்தாறு பேர் இருந்தோம். எல்லாருக்கும் அந்த எண் தெரியும். பலர் போனில் படமே இருந்தது. மச்சான் டேப்பைச் சுற்றினார், கண்ணைச் சுருக்கிப் பார்த்தார், வழக்கமான குரலில் கூவினார்:

“இடுப்பு முப்பத்திநாலு.”

ஒருவரும் சிரிக்கவில்லை. குமரவேல்கூட மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மச்சான் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு எழுதினார்.

“ரொம்ப டைட்டாப் பிடிச்சிடாதே” என்றார் தனசேகரன் சார். “ரெண்டாத் தைச்சிடு.”

அன்றிலிருந்து கிறிஸ்மஸ் வரை மெஷின் ஓயவில்லை. திருப்பூரிலிருந்து போன் வந்தபோது, “இங்க வேலை கெடக்குதுங்க, அப்பறம் பாக்கலாம்” என்று மச்சான் சொல்வதை நானே கேட்டேன்.

கடை இன்றைக்கும் இருக்கிறது. பேனர் வெளுத்துவிட்டது, என் முகம் போய்விட்டது, எண் மட்டும் பளிச்சென்று நிற்கிறது. சைட்டும் அப்படியே இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் எனக்குப் பெயர் போய்விட்டது. விசேஷ வீட்டுப் பந்தியில் ஸ்டெல்லா, “நாப்பத்தொண்ணுக்கு இன்னொரு கரண்டி வைங்க” என்பாள். அவள் அத்தை பேரன்கள் “நாப்பத்தொண்ணு மாமா” என்றுதான் கூப்பிடுகிறார்கள். எனக்கும் பழகிவிட்டது. மறைக்க ஒன்றும் இல்லாத மனிதன் என்று ஒரு கர்வம்கூட உண்டு.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக பேண்ட் தைக்கப் போனேன். மச்சான் டேப்பைச் சுற்றினார். கடை முழுவதும் கேட்கக் கூவினார்: “இடுப்பு நாப்பத்தொண்ணு.” பிறகு நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு எழுதினார். டீ வந்தது. வாங்க அவர் திரும்பியபோது நோட்டை எட்டிப் பார்த்தேன்.

நாற்பத்திமூன்று.

சைட்டை நான் மாற்றவில்லை.