உறைக்குள் இருந்த முழங்கால்

கால் எல்லாருக்கும் உண்டு. காலைப் பற்றிய ஞானம் சிலருக்கு மட்டும்தான் வாய்க்கிறது. அதுவும் வலி வந்த மறுநாளே வாய்த்துவிடுகிறது. எலும்பு டாக்டரின் காத்திருப்பு அறையில் எப்போதாவது உட்கார்ந்திருந்தால் இந்த இனத்தை நீங்கள் சந்தித்திருப்பீர்கள். சந்திக்கவில்லையா? கவலை வேண்டாம், அவர்கள் உங்களைச் சந்திப்பார்கள். நீங்கள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும்போதே எந்தக் காலில் பாரம் கூடுகிறது, எந்தப் பக்கம் இடுப்பு சாய்கிறது என்று அளந்து, நீங்கள் டோக்கன் வாங்கித் திரும்புவதற்குள் உங்களுக்கு இன்ன கோளாறுதான் என்று தீர்ப்பெழுதி, பக்கத்து நாற்காலியில் இருக்கும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “வாங்க, உக்காருங்க” என்பார்கள். உட்கார்ந்தீர்களோ, தீர்ந்தது.

நான் குதிகால் வலியோடு போய் உட்கார்ந்தேன்.

அவர் ஓய்வு பெற்ற நில அளவையாளர். டோக்கன் கொடுக்கும் அம்மாள் அவருக்கு வைத்த பெயர் மூட்டு வாத்தியார். முன்னால் சொல்லமாட்டாள், ஆனால் அவர் காதில் விழுந்தபோது அவருக்கு மகிழ்ச்சிதான் என்று கேள்வி. வாரம் ஒருமுறை வந்தால் போதும் என்று டாக்டர் சொல்லியிருக்க, மூன்று முறை வருவார். மடியில் பழுப்பு நிற உறை. உறைக்குள் அவருடைய வலது முழங்காலின் எக்ஸ்ரே. படத்தின் மூலையில் அவர் பெயர் எழுதிய சீட்டு. அது பிய்ந்துவிடக் கூடாதென்று மேலே கண்ணாடி டேப்.

“குதிகாலா? பாருங்க, எல்லாம் மேலேர்ந்துதான் வருது” என்று படத்தை உருவி ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கினார். “இது தொடை எலும்பு. உடம்புலயே பெரிய எலும்பு. கீழே இது காலெலும்பு. ரெண்டுக்கும் நடுவுல ஜவ்வு. எனக்கு அது இல்ல. போயிடுச்சு. எலும்பு எலும்போட உரசுது. சத்தம் கேக்குதா?”

காலை நீட்டி மடக்கினார். எனக்குக் கேட்கவில்லை. கேட்கிறது என்றேன். வேறென்ன செய்வது?

“இன்னொண்ணு காட்டறேன்.” பேனா முனை மூட்டுக்குப் பின்பக்கம் போய் நின்றது. அங்கே பயறு அளவில் ஒரு வெள்ளைப் பொட்டு. “இது தனி எலும்பு. எல்லாருக்கும் இருக்காது. உங்களுக்கு இருக்காதுன்னு நினைக்கிறேன்.” கடைசி வாக்கியத்தை ஆறுதல் சொல்வதுபோல் சொன்னார்.

அந்த முழங்கால் வீட்டில் நடத்திய ஆட்சியை அவர் மனைவி வாயால் பிறகு கேட்டேன். எட்டு மாதமாக அவர் மாடி ஏறவில்லை. கேஸ் சிலிண்டரை நகர்த்தவில்லை. கீழே விழுந்த பேப்பரை எடுக்கவில்லை. மச்சினன் வீடு மாற்றிய அன்று நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பீரோ தூக்குகிறவர்களுக்கு எந்தத் தசையை எப்போது இறுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். வலி பொய்யா? இல்லை. அதுதான் விசேஷம். படத்தில் எங்கே வெள்ளையாகத் தேய்ந்திருந்ததோ, சரியாக அங்கேயே அவருக்கு வலித்தது.

இப்படிப்பட்டவர் தன் காலோடு நிறுத்திக்கொண்டால் யாருக்கு நஷ்டம்? நிறுத்தமாட்டார். அதே அறைக்குத் தையற்காரம்மா ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருஷம் மிதிமெஷின். வலது கால். அவளும் ஒரு படம் வைத்திருந்தாள். துணிப்பைக்குள் சுருட்டி, பயந்து பயந்து. ஆறு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் வாத்தியார் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாராம்.

“ஏம்மா, இது மூட்டா, பளிங்கா? இருபது வயசுப் பிள்ளைக்குக்கூட இப்படி இருக்காது. உங்களுக்கு வலி கால்ல இல்ல, மனசுல.”

டாக்டரும் அதையேதான் கொஞ்சம் நாகரிகமாகச் சொல்லியிருந்தார். அவருக்கு ஒரு நோயாளிக்கு நான்கு நிமிடம். படத்தைப் பார்த்தார், காலைத் தொட நேரமில்லை. தையற்காரம்மாவின் மகன் வீட்டில் வேறு விதமாகச் சொன்னான்: “படமே நல்லாருக்குன்னு சொல்லுது. சும்மா எதுக்கு நொண்டற?” அவள் நொண்டுவதை நிறுத்தவில்லை, பிறர் பார்க்கும்போது மட்டும் நிறுத்திக்கொண்டாள். திரும்பவும் மெஷினில் உட்கார்ந்தாள். வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு, தன் மனசுதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வாளாம்.

நான் மூன்றாம் முறை போன அன்று நடந்தது இது. அவளுக்குப் புதுப் படம் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். உள்ளே போயிருந்தாள். வெளியே வாத்தியார் கணுக்கால் சுளுக்கோடு வந்த பஸ் டிரைவர் ஒருவருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். படம் ஜன்னலில். பேனா அந்தப் பயறு எலும்பில்.

எக்ஸ்ரே அறைக் கதவு திறந்தது. படம் எடுக்கும் பெண் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள். கையில் இரண்டு படங்கள். பின்னால் தையற்காரம்மா.

“அம்மா, நீங்க கொண்டாந்த பழைய படம் உங்களுது இல்ல.”

“என் பேரு ஒட்டியிருக்கே, கண்ணு?”

“சீட்டு உங்களுது. கால் உங்களுது இல்ல. இன்னிக்கு எடுத்ததுல மூட்டுக்குப் பின்னாடி ஒரு சின்ன எலும்பு இருக்கு. இதுல இல்ல. எட்டு மாசத்துல எலும்பு முளைக்காதும்மா. அன்னிக்கு உங்க சீட்டை வேற யார் படத்துலயோ மாத்தி ஒட்டியிருக்காங்க.”

பஸ் டிரைவர் மெதுவாகத் தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார். டோக்கன் அம்மாள் பார்த்தாள். நான் பார்த்தேன். பேனா இன்னும் அந்த எலும்பின் மேலேயே இருந்தது.

“சார், அதைக் கொஞ்சம் குடுங்க.”

அவர் கொடுக்கவில்லை. படம் எடுக்கும் பெண்ணே வாங்கி, புதுப் படத்தின் மேல் வைத்துக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தாள். எலும்பின் மேல் எலும்பு, விளிம்பின் மேல் விளிம்பு. தேய்மானம் மட்டும் புதுப் படத்தில் கொஞ்சம் கூடியிருந்தது.

“நீங்க எந்தத் தேதி எடுத்தீங்க?”

சொன்னார். தையற்காரம்மாவின் பழைய படத்திலும் அதே தேதி.

“அப்போ அந்தப் பளிங்கு உங்களுது சார்.”

யாரோ சிரித்தார்கள். வாத்தியார் சட்டென்று எழுந்து நின்றார். நாற்காலிக் கையைப் பிடிக்காமல், மூச்சு வாங்காமல், எட்டு மாதத்தில் முதல் முறையாக. நின்ற பிறகுதான் அது அவருக்கே தெரிந்தது. உடனே உட்கார்ந்தார். “ஆனா எனக்கு வலிச்சுதே” என்றார். அந்தக் குரலில் பொய் இல்லை. பரிதாபமாகத்தான் இருந்தது.

தையற்காரம்மா சுவரில் கை வைத்து நின்றாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் அந்தப் பெண்ணிடம் ஒன்றுதான் கேட்டாள்.

“அப்போ என் வலி நிஜம்தானே?”

“நிஜம்தாம்மா. இதோட எப்படி மெஷின் மிதிச்சீங்க?”

அவ்வளவுதான், அழுதுவிட்டாள். அழுதுகொண்டே கையை நீட்டினாள். “ரெண்டு படத்தையும் குடு கண்ணு. என் மகன்கிட்ட காட்டணும்.”

அவள் வெளியே போகும்போது நன்றாக நொண்டிக்கொண்டு போனாள். யாருக்காகவும் மறைக்கவில்லை.

பிறகு டாக்டர் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். வைத்தியம் தொடங்கியது, தையற்கடையில் மோட்டார் மெஷின் கொடுத்தார்கள். மகன் கூட வந்து, பையைச் சுமந்துகொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறான். வாத்தியார் மனைவிக்கு விஷயம் தெரிந்த அன்று அவள் கேட்ட கேள்வி தெருவுக்கே கேட்டது: “ஏங்க, அப்போ எட்டு மாசமா நான் சுமந்தது யாரோட முட்டியை?” மறுநாள் காலை அவர் மாடியில் நின்று தண்ணீர்த் தொட்டி கழுவியதைப் பார்த்தவர்கள் உண்டு.

திருந்திவிட்டாரா என்கிறீர்களா? என்ன கேள்வி இது! மூன்று வாரம் தலைமறைவாக இருந்தார். நான்காம் வாரம் வந்தார். உறை இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து, “படத்தை மட்டும் நம்பவே கூடாதுங்க” என்று தொடங்கினார். “சீட்டு மாறற விஷயத்துல எனக்கு இருக்கற அனுபவம் இந்த ஊர்ல யாருக்கும் கிடையாது.” பாடம் மாறியிருந்தது, வகுப்பு மாறவில்லை. ஆனால் கதவைத் தள்ளிக்கொண்டு தையற்காரம்மா வந்ததும் பாதி வாக்கியத்தில் நிறுத்தி, எழுந்து, தன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளிவிட்டு, சுவர் ஓரமாகப் போய் நின்றுகொண்டார். அவள் டாக்டர் அறைக்குள் போகும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த இனத்தில் இது பெரிய சாதனை.

சிரித்துவிட்டீர்கள். சிரியுங்கள். ஆனால் போன வாரம் உங்கள் வீட்டில் ஒருவர் தொடையைத் தடவிக்கொண்டு எழுந்தபோது, கையிலிருந்த போனிலிருந்து கண்ணை எடுக்காமல், “அது ஒண்ணுமில்ல, வாயுப்பிடிப்பு, நாலு நாள் நட, சரியாயிடும்” என்று சொன்னது யார்? படம்கூடப் பார்க்காமல்?

எழுந்து போய்க் கேளுங்கள். இன்னும் வலிக்கிறதாம்.