பின்சந்து வழியாக ஒரு கேமரா

ஓவர்சியருக்கு உலகத்தில் இரண்டே பயம். ஒன்று, பல் டாக்டர். இன்னொன்று, பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிற மனைவி. குழாய் பதிக்கிற இடத்தில் ஒரு பட்டாளத்தையே ஒரே அதட்டலில் நிமிர்த்துகிற மனிதர், வீட்டுக்குள் செருப்பைக்கூடச் சத்தமில்லாமல்தான் கழற்றுவார்.

வினை ஆரம்பித்தது கேமராவில். பறவைகளைப் படம் பிடிக்க வேண்டும் என்று மனுஷனுக்கு ஓர் ஆசை. தப்பா? தப்பில்லைதான். ஆனால் பரணில் ஏற்கெனவே ஒரு கிடார், ஒரு டெலஸ்கோப், மீனே இல்லாத மீன்தொட்டி என்று பழைய ஆசைகள் தூசி தின்றுகொண்டிருந்தன. "இன்னொரு பொழுதுபோக்கு இந்த வாசப்படி ஏறட்டும், அப்புறம் உங்களையும் பரண்ல ஏத்திடறேன்" என்று மனைவி தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது.

ஆகவே எல்லாம் ரகசியம். கேமராக் கடைக்கு நேர் மாடியில் பல் டாக்டரின் கிளினிக் இருந்தது வசதியாகப் போயிற்று. சனிக்கிழமை வந்தால் "பல்லு வலிம்மா" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கிளம்புவார். யாராவது பார்த்துவிட்டால்? அதனால் முன்வாசல் பக்கம் தலைகாட்டாமல், பின்சந்து வழியாகக் கடைக்குள் நுழைவார்.

போன அன்றைக்கே ஒன்றை வாங்கித் தொலைத்திருக்கலாம். வாங்கினால்தானே! சின்ன கேமரா கைக்கு அடக்கம். தூரத்துப் பறவைதான் கொசு மாதிரி தெரிகிறது. பெரிய லென்ஸில் பறவையின் இமைகூடத் தெரிகிறது. தொங்கவிட்டால் கழுத்துக் கழன்றுவிடுகிறது.

"சார், எதையாவது ஒண்ணை முடிவு பண்ணுங்க."

"அந்தக் கறுப்பை இன்னொரு தடவை காட்டுங்க."

"எல்லாமே கறுப்புதான் சார்."

கடைக்காரர் பொறுமைசாலி. ஒவ்வொரு கேமராவிலும் இவரையே நிறுத்திவைத்து ஒரு படம் எடுத்துக் காட்டினார். அதில் ஒன்றில் ஓவர்சியர், பெரிய லென்ஸைப் பார்த்த பூரிப்பில், கடைவாய்ப் பல் வரைக்கும் தெரியச் சிரித்திருந்தார்.

அந்தச் சிரிப்புக்கெல்லாம் வீட்டில் வேலை இல்லை. பல் வலிக்காரருக்கு மூன்று வேளையும் சூப். மனைவியும் மகளும் எதிரே உட்கார்ந்து உருளைக்கிழங்கு வறுவலை மொறுமொறுவென்று கடிப்பார்கள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு..."

"ஐயோ, பல்லு வலியோடயா? எனக்கு மனசு கேக்காதுங்க. சூப்பைக் குடிங்க."

கடைசியில் ஒருநாள் மனைவி கிண்ணத்தை டொக்கென்று வைத்தாள்.

"ஏங்க, ஒத்தப் பல்லை வெச்சுக்கிட்டு அந்த டாக்டர் இத்தனை வாரமா என்னதான் பண்றாங்க?"

"வைத்தியம்னா மெதுவாத்தான்..."

"மெதுவா வேண்டாம். பிடுங்கிடலாம். இந்தச் சனிக்கிழமை நானும் வர்றேன்."

ஓவர்சியர் நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்தார். நல்ல பல்! ஒரு குறையும் இல்லாத பல்! உண்மையைச் சொன்னால் கேமரா போகும். சொல்லாவிட்டால் பல் போகும். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். இவருக்கோ சொல்லாததால் பல் போகப் போகிறது.

சனிக்கிழமை மனைவி முன்வாசல் வழியாகவே கூட்டிப் போனாள். கடை முகப்பைப் பார்த்த ஓவர்சியர் அப்படியே நின்றுவிட்டார். கண்ணாடிக்குள்ளே கதவு உயரத்துக்கு ஒரு விளம்பரப் படம். சிரிப்பது அவரேதான். ஊரெல்லாம் பார்த்த அந்தப் படத்தை, பின்சந்திலேயே வந்துபோன அவர் ஒருவர்தான் பார்த்திருக்கவில்லை.

சடாரென்று கையிலிருந்த குடையை விரித்து மனைவியின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"மழையே இல்லியே?"

"வரும் போல இருக்கு."

"வெயில் கொளுத்துதுங்க."

"வெயிலுக்குத்தான்."

அவள் படியேறினாள். நல்லவேளை, பார்க்கவில்லை என்று பெருமூச்சு விட்டார். ஆனால் இவரை முன்பின் பார்த்தேயிராத டாக்டரம்மா, "வாங்க சார், வழக்கமான பல்லுதானே?" என்றதும் தூக்கிவாரிப் போட்டது. எது வழக்கமான பல்? யாருடைய வழக்கம்?

நாற்காலி பின்னால் சாய்ந்தது. விளக்கு முகத்தில் அடித்தது.

"பிடுங்கிடுங்க டாக்டர்" என்றாள் மனைவி.

இடுக்கி வாய்க்குள் வந்தது. சில்லென்ற இரும்பு பல்லைத் தொட்டது. அவ்வளவுதான்.

"வேண்டாம்! வலியே இல்ல! எல்லாம் பொய்! கேமரா பார்க்கத்தான் போனேன்! கீழ கண்ணாடியில சிரிக்கிறது நான்தான்!"

"தெரியும்" என்றாள் மனைவி. "படத்தை மாட்டின அன்னிக்கே பார்த்துட்டேன். மாடி ஏறி டாக்டர்கிட்டயும் பேசிட்டேன்."

"அப்ப... இத்தனை நாளா சூப்பு?"

"நீங்களா வாயைத் திறந்து சொல்றீங்களான்னு பார்த்தேன். சூப்பு உள்ள போச்சே தவிர, ஒரு வார்த்தை வெளிய வந்துச்சா?"

சொல்லிக்கொண்டே கைப்பையைத் திறந்தாள். உள்ளே இருந்தது, அவர் எடுப்பதும் வைப்பதுமாக வாரக்கணக்கில் ஏங்கிய அதே கறுப்பு கேமரா. ஓவர்சியருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எனக்கா?"

"எனக்கு. கடைக்குள்ள போனேன், பிடிச்சிருந்தது, வாங்கிட்டேன். இதுக்குப் போய் இத்தனை வாரமா? பறவை எடுக்கப் போறப்ப நீங்களும் வாங்க, குடை பிடிக்க. நல்லாத்தான் பிடிக்கிறீங்க."

போகட்டும், பல்லாவது மிஞ்சியதே என்று ஓவர்சியர் மெல்ல எழுந்தார். டாக்டரம்மா தோளை அழுத்தி உட்காரவைத்தார்.

"ஒரு நிமிஷம் சார். கீழ அந்தப் படத்தைப் பார்த்தப்பவே எனக்குச் சந்தேகம். நல்ல லென்ஸு, எல்லாம் தெளிவாத் தெரியுது. இப்பப் பக்கத்துல பார்த்துட்டேன். உங்க கடைவாய்ப் பல்லு ஒண்ணு நிஜமாவே சொத்தை. எடுத்தே ஆகணும்."

ஓவர்சியர் திறந்த வாயோடு மனைவியைப் பார்த்தார். அவள் கேமராவைக் கண்ணில் வைத்து ஒரு தட்டுத் தட்டினாள்.

"பிடுங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு எடுத்தாச்சு டாக்டர். நீங்க ஆரம்பிங்க, பிடுங்கினப்புறம் ஒண்ணு எடுக்கணும்."