சீஃப் கெஸ்டுக்காகப் போட்ட ரோடு

"சீஃப் கெஸ்டோட எத்தனை வண்டி வரும்?" என்று ரோடு ஆபீஸ் என்ஜினியர் போனில் கேட்டபோது, ஜெபமணி டீ டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டார். சீஃப் கெஸ்டுக்குச் சொந்தமாக ஒரு வண்டிகூடக் கிடையாது என்பது அவருக்குப் பத்து நிமிஷத்துக்கு முன்புதான் தெரிந்திருந்தது.

புனேயின் கட்கிப் பகுதியில் அவர் குடியிருந்த சந்தில், குழாய் போடுவதற்காகத் தோண்டினார்கள். குழாயைப் போட்டார்கள், மூடுவதை மட்டும் மறந்துவிட்டார்கள். இரண்டு மழைக்காலம் போய்விட்டது. ரிக்‌ஷாக்காரர்கள் முனையிலேயே இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள். முட்டி ஆபரேஷன் ஆன அவர் மனைவி செல்வமேரி வெளியே போகவேண்டுமென்றால் நாலு பேர் நாற்காலியோடு தூக்க வேண்டும். அந்த வெட்கத்துக்கு அஞ்சி அவள் எட்டு மாதமாக சர்ச்சுக்கே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜன்னலோரம் உட்கார்ந்து மணிச்சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பாள்.

பதினேழு மனு கொடுத்துப் பார்த்தார். பிறகுதான் புத்தி வந்தது. ரோடு மனுவுக்காக வருவதில்லை, பெரிய மனிதர் வருகிறார் என்றால் வருகிறது. அவரோ தமிழ்ச் சங்கத்தின் செயலாளர். ஆண்டு விழாவை இந்த வருஷம் சந்தின் கோடியில் இருந்த கொட்டகையில் வைத்துக்கொண்டு, உள்ளூர்த் தலைவர்களை அழைத்தார். சந்தின் பெயரைக் கேட்டதும் அத்தனை தலைவர்களுக்கும் அன்றைக்குத்தான் கல்யாண வீடு இருந்தது.

கைகொடுத்தவள் எதிர்வீட்டு சஹானா. அவளோடு கல்லூரியில் படிக்கும் டோல்மாவின் அப்பா ஆங்சுக், வட எல்லையில் ஒரு மலை மாவட்டத்தின் எம்.எல்.ஏ. என்றாள். பனி விழுந்தால் ஆறு மாதம் வெளியுலகத் தொடர்பே அறுந்துபோகிற இடம். மகளைப் பார்க்க அவர் புனே வரும்போது விழாவுக்கும் வரச் சம்மதித்தார். ஜெபமணி அன்றே ரோடு ஆபீஸுக்கு எழுதிப்போட்டார்.

அழைப்பிதழில் போடுவதற்காக ஆங்சுக்கின் அரசியல் வாழ்க்கைக் குறிப்பைச் சஹானாவிடம் கேட்டபோதுதான் குட்டு உடைந்தது. ஐந்து தேர்தலில் நின்றிருந்தார். நாலில் தோல்வி. ஒன்றில் பதினோரு ஓட்டில் வெற்றி. ஐந்து தடவையும் கொடுத்த வாக்குறுதி ஒன்றே ஒன்றுதான்: மலையுச்சியில் இருக்கும் கடைசிக் கிராமத்துக்கு ஒரு ரோடு. இருபத்திரண்டு வருஷமாக அது வரவில்லை. ஓட்டுக் கேட்க அவர் அங்கே இரண்டு நாள் நடந்துதான் போவார்.

"அப்போ இப்ப எம்.எல்.ஏ. இல்லியாம்மா?" என்று கேட்டார் ஜெபமணி.

"எக்ஸ், அங்கிள். சொந்தமா ஒரு வண்டிகூட இல்லையாம். எனக்கும் இன்னிக்குத்தான் தெரியும்" என்றாள் சஹானா.

அந்த நேரத்தில்தான் என்ஜினியரின் போன் வந்தது. ஜெபமணி சர்ச்சுக்கு ஒழுங்காகப் போய்வந்த மனிதர். பொய் வராது. உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று, "சார், அவர் எம்.எல்.ஏ. இல்லை" என்றார்.

என்ஜினியரின் குரல் தணிந்து வந்தது. "அதுக்கும் மேலயா?"

ஜெபமணி வாயைத் திறப்பதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது. மறுநாள் காலை சந்தில் ஜே.சி.பி. நின்றது.

பதறிப்போய் ஆபீஸுக்கே ஓடினார். வண்டி, போலீஸ், வரவேற்பு எதுவும் வேண்டாம், அவர் ரிக்‌ஷாவில்தான் வருவார், தயவுசெய்து பெரிதுபடுத்தாதீர்கள் என்று கெஞ்சினார். என்ஜினியர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். ரகசிய ஆய்வா என்று காதோடு கேட்டார். இல்லவே இல்லை என்று ஜெபமணி தலையை ஆட்டிய வேகத்திலேயே ஆய்வேதான் என்று என்ஜினியருக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. சாயங்காலம் ரோடு ரோலர் வந்தது. அடுத்த நாள் தெருவிளக்கு வந்தது. கேட்பாரில்லாத மரங்களுக்கெல்லாம் காவியும் வெள்ளையும் அடித்துவிட்டுப் போனார்கள்.

செல்வமேரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"ஏங்க, பொய் சொல்லியா இதப் போட வச்சிய?"

"நான் சொன்னதுல ஒரு பொய்யும் கிடையாது மேரி. அதுதான் பயமா இருக்கு."

விழா நாளன்று வாசற்படியிலேயே ரிக்‌ஷா வந்து நின்றது. செல்வமேரி பட்டுப்புடவை கட்டி, கைத்தடியோடு தானாகவே ஏறி உட்கார்ந்தாள். எட்டு மாதத்தில் முதல் தடவை. ஜெபமணிக்குக் கண் கலங்கிவிட்டது. இனி ஜெயிலுக்குப் போனாலும் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டார்.

ஆங்சுக்கும் ரிக்‌ஷாவில்தான் வந்தார். சந்து முனையிலேயே இறங்கி நடந்தார். பாதியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ரோட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். எத்தனை அங்குலம், அடியில் என்ன கல், எத்தனை நாளில் போட்டது என்று ஹிந்தியில் ஒவ்வொன்றாகக் கேட்டார். நாலு நாள் என்றார் வரவேற்கக் காத்திருந்த என்ஜினியர், நெற்றியைத் துடைத்தபடி. ஆங்சுக் மறுபடியும் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார். மிரண்டுபோன என்ஜினியர், சாக்கடைக்கும் இந்த வாரமே மூடி போட்டுவிடுவதாகத் தானாகவே ஒப்புக்கொண்டார்.

சால்வையும் தேங்காயும் கொடுத்து விழா முடிந்தது. ஜெபமணியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. ஆங்சுக்கைத் தனியே அழைத்துப்போய் எல்லாவற்றையும் கொட்டினார். உங்கள் பெயரை வைத்து எங்கள் சந்துக்கு ரோடு வாங்கிவிட்டேன், இது தப்புதான், மன்னிக்க வேண்டும் என்றார்.

ஆங்சுக் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு, சஹானா மூலம் எல்லாமே தெரிந்துதான் வந்தேன் என்று சிரித்தார். அதற்குள் சங்கத்துக்காரர்கள் போட்டோவுக்கு அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பக்கத்தில் நின்ற டோல்மா ஜெபமணியின் கிட்டே வந்து, மெதுவாக ஹிந்தியில் சொன்னாள்:

"அங்கிள், 'புனேயிலிருந்து ஜெபமணி சாஹிப் கடைசிக் கிராமத்துக்கு சீஃப் கெஸ்டா வர்றார்'னு அப்பா எங்க ஊர் ரோடு ஆபீஸுக்குப் பத்து நாள் முன்னாடியே எழுதிட்டார். ரோடு பாதி மலை ஏறிடுச்சாம், நீங்க வராம இருந்துடாதீங்க."